ஓடுகிற வாட்சை எப்போது பிரிப்பது?

கேள்வி: அப்பா 1978-இல் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா வாட்ச் என்னிடம் இருக்கிறது. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து பீரோவில்தான் கிடந்தது. போன வாரம் எடுத்துச் சாவி கொடுத்தேன், உடனே ஓட ஆரம்பித்துவிட்டது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அன்றைக்கு அதைக் கட்டிக்கொள்ள ஆசை. எங்கள் ஊர்க் கடைக்காரர் "ஓடுற வாட்சை எதுக்கு சார் பிரிக்கணும்?" என்கிறார். டவுனில் இன்னொருவர், ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் கட்டாயம் என்கிறார். நான் தினமும் கட்டுவது சீக்கோ 5 ஆட்டோமேட்டிக். வாங்கி ஏழு வருடம், ஒருமுறைகூடத் திறந்ததில்லை. முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து செகண்ட் கூடும், இப்போது நாற்பது கூடுகிறது. இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாமா? யார் சொல்வது சரி?

— நாகப்பட்டினம் மாவட்ட வாசகர்

வணக்கம் சார்.

உங்கள் இரண்டு வாட்சுக்கும் பதில் வேறு வேறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். அப்பாவின் ஜனதாவுக்கு இனிமேல் சாவி கொடுக்காதீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருந்தால் தானாக நிற்கட்டும், விட்டுவிடுங்கள். அதைக் கட்டப்போகிறீர்கள் என்றால் சர்வீஸ் செய்தே ஆக வேண்டும், ஐப்பசிக்குள் நல்ல கையில் கொடுத்துவிடுங்கள். சீக்கோவை இப்போதே கொடுக்க வேண்டாம். ஒரு வாரம் நோட்டில் கணக்கு எழுதுங்கள், சின்னதாக ஒரு சோதனை செய்யுங்கள், பிறகு பார்க்கலாம்.

சும்மா கிடந்த வாட்சுக்கு அவசரம், ஏழு வருடம் நிற்காமல் ஓடியதற்கு அவசரமில்லை என்றால் தலைகீழாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். வாட்சுக்குள் எண்ணெய் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் வராது.

சாவி கொடுக்கும் வாட்சில் சக்கரங்களின் அச்சு முனைகள், நாங்கள் பிவட் என்போம், செயற்கை மாணிக்கக் கல்லில் போட்ட துளைக்குள் நின்று சுற்றுகின்றன. ஜனதாவை 17 ஜுவல்ஸ் என்று சொல்வது அந்தக் கற்களின் எண்ணிக்கையைத்தான். (அவற்றைக் கழற்றி விற்றால் எவ்வளவு தேறும் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. டீக்காசுகூடத் தேறாது.) இருப்பதிலேயே மெல்லியது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் பிவட். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஒரு தலைமுடி கனம். அந்த பேலன்ஸ் ஜனதாவில் ஒரு செகண்டுக்கு ஐந்து முறை அடிக்கிறது. மணிக்கு 18,000, நாளுக்கு 4,32,000. வருடம் முழுக்க ஓடினால் பதினைந்தே முக்கால் கோடி. இவ்வளவு ஆட்டத்துக்கும் காவல், ஊசி முனையில் தொட்டு வைக்கும் ஒரு பொட்டு எண்ணெய். கண்ணில் லென்ஸ் மாட்டினால்தான் அது தெரியும்.

கிணற்று ராட்டினம் காய்ந்தால் கிறீச்சிடும், தெருவுக்கே கேட்கும். வாட்ச் காய்ந்தால் சத்தமே வராது. எண்ணெய் இல்லாமலும் அது ஓடும், மாதக்கணக்கில் ஓடும். நேரம்கூடச் சரியாகக் காட்டும். உள்ளே எஃகு பிவட் கல்லோடும் பித்தளையோடும் நேராக உரசிக்கொண்டிருக்கும். உரசலில் வரும் இரும்புத் தூள் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கோடு கலந்தால் கேட்கவே வேண்டாம், அது எண்ணெய் அல்ல, உப்புத்தாள். "ஓடுகிறதே" என்பதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

உங்களுடையதைப் போலவே ஒரு ஜனதா இரண்டு வருடத்துக்கு முன் என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவர் அப்பா நினைவாக எட்டு மாதம் தினமும் கட்டியிருக்கிறார். ஒரு குறையும் சொல்லவில்லை, ஸ்ட்ராப் மாற்றத்தான் வந்தார். பின்மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் பழுப்பாக ஒரு வளையம், டம்ளரில் காபி காய்ந்த மாதிரி. எண்ணெய் இருந்த இடம் அது. பிரித்துப் பார்த்தால், மூன்றாவது சக்கரத்தின் பிவட் கண்ணாடி மாதிரி மினுங்க வேண்டியது கறுத்துப்போய், நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பக்கத்தில் செங்கல் நிறத்தில் பொடி. எட்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் கழுவி எண்ணெய் போட்டாலே போதும். இப்போது சக்கரத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

எண்ணெய்க்கு வயதாவது ஓட்டத்தினால் மட்டும் அல்ல. டப்பாவில் கிடந்தாலும் வயதாகும். பழைய எண்ணெய்கள் கெட்டியாகிக் கோந்து மாதிரி ஆகிவிடும், அல்லது மெல்லப் பரவி இடத்தை விட்டே போய்விடும். உங்கள் ஜனதாவில் இருப்பது ஒன்பது வருடத்து எண்ணெய் என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்பா கடைசியாக எப்போது சர்வீஸ் கொடுத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அது பதினைந்து வருடமாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். சும்மா கிடந்தவரை கெடுதல் ஒன்றும் இல்லை, உரசல் இல்லையே. நீங்கள் சாவி கொடுத்த நிமிடத்தில்தான் தேய்மானம் ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் "ஓடிக்கொண்டிருந்தால் நல்லது" என்று யாராவது சொன்னதைக் கேட்டு வாரம் ஒருமுறை சாவி கொடுத்து வைத்தீர்கள் என்றால், அது பாசத்தினால் செய்யும் கெடுதல்.

அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும். அந்த வாட்சைக் கட்டப்போவதே இல்லை, நினைவுக்காக பீரோவில் இருக்கட்டும் என்றால் சர்வீஸ் தேவையில்லை. காசைக் கொடுத்துப் புது எண்ணெய் போட்டு, அதையும் பீரோவில் காய விடுவதில் என்ன இருக்கிறது? ஈரம் படாமல், ரசகற்பூர உருண்டை பக்கத்தில் இல்லாமல், ஒரு துணிப்பையில் போட்டு வையுங்கள். அடுத்த தலைமுறையில் யாருக்காவது கட்டத் தோன்றும்போது செய்துகொள்ளட்டும். கட்டுவதற்கு முன் சர்வீஸ், கட்டாவிட்டால் சாவியே கொடுக்காமல் வைப்பது. பழைய வாட்சுக்கு இவ்வளவுதான் சட்டம்.

பேச்சு வந்ததால் சொல்கிறேன். "ஓவராகச் சாவி கொடுத்துட்டான், அதான் நின்னு போச்சு" என்று வீட்டில் பிள்ளைகளைத் திட்டுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், சாவி அதிகமானதால் நின்ற வாட்சை நான் பார்த்ததில்லை. கொண்டுவரும்போது முழுச் சாவியோடு நின்றுபோயிருக்கும், அது உண்மை. நின்றதற்குக் காரணம் எண்ணெய் காய்ந்து சக்கரம் இறுகியது. நிற்கிறதே என்று ஆள் மேலும் மேலும் சாவி கொடுக்கிறார், அதனால் முழுச் சாவியாகிறது. முடிவில் இறுகும்போது நிறுத்திவிட்டால் போதும், ஜனதாவுக்கு ஒன்றும் ஆகாது.

சரி, அந்த "மூன்று வருடம்" எங்கிருந்து வந்தது? டவுன்காரர் கையில் இருந்து போட்டுச் சொல்லவில்லை. சீக்கோ கையேட்டிலேயே 2 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். ஒமேகா 5 முதல் 8 வருடம் என்கிறது. ரோலக்ஸ் சுமார் 10 வருடம் என்கிறது. எல்லாமே சக்கரமும் கல்லும் எண்ணெயும்தான், பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? மூடியின் ரப்பர் வளையம் எவ்வளவு இறுக்கம், எந்த எண்ணெய், எந்தத் தட்பவெப்பம், கட்டுகிற ஆள் என்ன வேலை செய்கிறார், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு எண் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்பெனி தன் பாதுகாப்புக்காகவும் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். இப்போதைய செயற்கை எண்ணெய்கள் பழையதைவிட நன்றாகவே நிற்கின்றன. தினமும் கட்டும், நல்ல மூடியுள்ள வாட்சுக்கு நான் சொல்வது: ஐந்தாவது வருடத்திலிருந்து கவனிக்க ஆரம்பியுங்கள். நடுவில் வாட்சே ஏதாவது சொன்னால் அதைக் கேளுங்கள்.

வாட்ச் என்ன சொல்லும்? இங்கேதான் உங்கள் சீக்கோ வருகிறது.

நாற்பது செகண்ட் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு வருடத்துக்கு முன் வாங்கிய சீக்கோ 5 என்றால் பெரும்பாலும் 7எஸ்26 மிஷினாக இருக்கும், பின்மூடியில் பொறித்திருப்பார்கள். அந்த மிஷினுக்கு சீக்கோ ஒப்புக்கொள்ளும் எல்லையே ஒரு நாளைக்கு 20 செகண்ட் குறைவு முதல் 40 செகண்ட் கூடுதல் வரை. அதாவது உங்கள் நாற்பது செகண்ட் இன்னும் கம்பெனிக் கணக்குக்கு உள்ளேதான். எனக்கு உறுத்துவது நாற்பது அல்ல, பத்து நாற்பதானது. ஒரு வாட்ச் வாங்கிய நாளிலிருந்து முப்பத்தைந்து செகண்ட் கூடினால் அது அதன் சுபாவம், திறந்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைக் கொஞ்சம் தள்ளினால் சரியாகிவிடும். நிலையாக ஓடியது மாறினால்தான் காரணம் தேட வேண்டும்.

அந்த மாற்றம் எப்போது வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறியதா, அல்லது ஒரு வாரத்தில் திடீரென்றா? திடீரென்று என்றால் எனக்கு முதல் சந்தேகம் காந்தம். பேலன்ஸுக்கு உயிர் கொடுப்பது ஹேர் ஸ்பிரிங். சுருள் சுருளாக, ஒன்றையொன்று தொடாமல் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்க வேண்டும். காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் நீளம் குறைந்த மாதிரி ஆகும், வாட்ச் வேகமெடுக்கும். பலமாக ஏறினால் நாளுக்கு நிமிடக் கணக்கில்கூட முந்தி ஓடும். எங்கிருந்து ஏறுகிறது? ஸ்பீக்கர், மொபைல் உறையின் காந்தப் பூட்டு, டேப்லெட் மூடி, கைப்பை பட்டன். ராத்திரி வாட்சைக் கழற்றி எதன் மேல் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். என்னிடம் வந்த ஒருவர் தினமும் புளூடூத் ஸ்பீக்கர் தலையில்தான் வைத்திருக்கிறார், அது ஸ்டாண்டு மாதிரி வசதியாக இருந்ததாம்.

சோதனை சுலபம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் காந்தத் திசைகாட்டியை மேசையில் வைத்து, வாட்சை மெல்லப் பக்கத்தில் கொண்டுபோங்கள். முள் துள்ளித் திரும்பினால் காந்தம். எந்த வாட்ச் மெக்கானிக்கும் அதற்கான பெட்டியில் வைத்து ஒரே நிமிடத்தில் எடுத்துவிடுவார், மூடியைத் திறக்கவே வேண்டாம். இதற்குப் போய் முழு சர்வீஸ் காசு வாங்கினால் கொடுக்காதீர்கள்.

காந்தம் இல்லையென்றால் நோட்டை எடுங்கள். தினமும் ராத்திரி ஒரே நேரத்துக்கு, எட்டரை என்று வைத்துக்கொள்வோம், மொபைல் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினால் போதும். தினம் முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்தொன்று என்று ஒரே சீராக வந்தால் நல்ல செய்தி, அவசரமில்லை. ஒரு நாள் இருபது, மறுநாள் அறுபது, அப்புறம் குறைவு என்று தாறுமாறாக வந்தால் உள்ளே பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பது. 7எஸ்26-க்குக் கையால் சாவி கொடுக்க முடியாது, உள்ளே சுற்றும் ரோட்டர்தான் சாவி கொடுக்கும். ஆகவே இரண்டு நாள் நன்றாகக் கட்டி வேலை செய்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் கழற்றி வைத்துவிடுங்கள். நாற்பது மணி நேரத்துக்குப் பக்கமாக ஓட வேண்டும். அன்று ராத்திரியே நின்றுவிட்டால் நோட்டில் மேற்கொண்டு எழுத வேண்டாம், கடைக்குப் போங்கள். ஒரு எச்சரிக்கை: ஆபீசில் கையை அசைக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆட்டோமேட்டிக் முழுதாக ஏறவே ஏறாது. அது வாட்சின் குறை இல்லை.

கடையில் டைம்கிராஃபர் என்று ஒரு கருவி இருந்தால், வாட்சைத் திறக்காமலே அதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டிக் சத்தத்தைக் கேட்டுக் கணக்குப் போடும் கருவி அது. எத்தனை செகண்ட் கூடுகிறது என்பதைவிட அதில் நீங்கள் பார்க்க வேண்டியது வீச்சு, அதாவது பேலன்ஸ் எத்தனை டிகிரி ஆடுகிறது என்பது. முழுச் சாவியில், முகத்தை மேலே வைத்தால், நல்ல வாட்ச் 250 முதல் 300 வரை ஆடும். சீக்கோ இயல்பிலேயே கொஞ்சம் குறைவாக ஆடும், 220 என்று காட்டினால் நான் கவலைப்பட மாட்டேன். 200-க்குக் கீழே போனால் நேரம் சரியாகக் காட்டினாலும் பிரித்துவிடுவேன்.

ஏழு வருடச் சீக்கோ 5-க்கு ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும், என் தொழிலுக்கு நஷ்டம் என்றாலும். அந்த மிஷினை ஒழுங்காகப் பிரித்து சர்வீஸ் செய்ய ஆகும் நேரம் விலை உயர்ந்த வாட்சுக்கு ஆகும் அதே நேரம்தான், கூலியும் அப்படித்தான் வரும். உள்ளே தேய்மானம் அதிகம் என்று தெரிந்தால், சீக்கோ குழுமமே வெளியே விற்கும் என்.எச்.36 மிஷினை அப்படியே உட்காரவைத்துவிடலாம், சாவிக் கம்பியை மட்டும் மாற்ற வேண்டியிருக்கலாம். செலவு கிட்டத்தட்ட சர்வீஸ் அளவே வரும், கையால் சாவி கொடுக்கும் வசதியும் வந்துவிடும். சர்வீஸா, புது மிஷினா என்பது உங்களுக்கு அந்த வாட்ச் என்ன என்பதைப் பொறுத்தது. எனக்கு வந்த முதல் சீக்கோவை நான் இன்னும் அதே மிஷினோடுதான் வைத்திருக்கிறேன், கணக்குப் பார்த்தால் முட்டாள்தனம்.

இவ்வளவு நேரம் பொறுமையாகப் பார்க்கலாம் என்றேன். ஒரே ஒரு விஷயத்துக்குப் பொறுமையே கூடாது. கண்ணாடிக்குள் ஆவி பூத்தால் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோக வேண்டும். நீங்கள் இருப்பது கடற்கரை மாவட்டம், உப்புக் காற்று, வியர்வை, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. உள்ளே போன ஈரம் சாவிக் கம்பியில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் துருவாகிவிடும். துருப்பிடித்த பிவட்டுக்கு எந்த எண்ணெயும் மருந்தில்லை. மொபைலுக்குச் செய்வதுபோல் அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசி அந்த ஈரத்தை எடுக்காது, மாவுத் தூசிதான் மிச்சம். ஏழு வருட ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும். மிஷினை இப்போது பிரிக்காவிட்டாலும் அந்த வளையத்தை மட்டும் மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள், பத்து நிமிட வேலை. மாற்றும்வரை அந்த வாட்சோடு குளிக்க வேண்டாம்.

இனி, ஜனதாவை யாரிடம் கொடுப்பது? எப்போது கொடுப்பது என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். உங்கள் ஊர்க் கடைக்காரர் "பிரிக்க வேண்டாம்" என்றாரே, அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தனக்குக் கை வராத வேலையை வேண்டாம் என்று சொல்கிறவர் நேர்மையானவர்.

நான் தொழில் பழகிய கடையில் "ஆயில் சர்வீஸ்" என்று போர்டு இருக்கும். மிஷினைப் பிரிக்கவே மாட்டோம். கேஸிலிருந்து எடுத்து, முள்ளையும் டயலையும் கழற்றி, முழு மிஷினையும் வெள்ளை பெட்ரோலில் முக்கி ஆட்டி, ரப்பர் பல்பால் ஊதி, தெரிகிற கல்லுக்கெல்லாம் ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய். அரை மணி நேரம். வாட்ச் துள்ளிக்கொண்டு ஓடும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். ஆறு மாதத்தில் அதே வாட்ச் திரும்பி வரும். பெட்ரோல் அழுக்கைக் கரைத்துக் கல் துளைக்குள்ளேயே கொண்டுபோய் விட்டிருக்கும். அந்த எண்ணெய் பரவி ஹேர் ஸ்பிரிங்கில் ஏறியிருக்கும். சாவி கொடுக்கும் பலத்தைச் சேர்த்து வைக்கும் மெயின் ஸ்பிரிங் இருக்கும் டப்பாவை, அதாவது பேரலை, யாருமே திறந்திருக்க மாட்டோம். எத்தனை வாட்சுக்கு அப்படிச் செய்தேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒழுங்கான சர்வீஸ் என்றால் ஒவ்வொரு திருகையும் கழற்றி, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகக் கழுவி, கல் துளைகளைக் கூர்சீவிய மரக்குச்சியால் குடைந்து துடைத்து, பேரலைத் திறந்து மெயின் ஸ்பிரிங்கைப் பார்த்து, பிறகு இடத்துக்குத் தகுந்த எண்ணெய் போடுவது. வேகமாகச் சுற்றும் மெல்லிய பிவட்டுக்கு நீர்த்த எண்ணெய், மெதுவாக, பாரம் தாங்கிச் சுற்றும் இடத்துக்குக் கெட்டி எண்ணெய், ஸ்பிரிங்குக்கு கிரீஸ். கல்லின் கிண்ணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றால் போதும், வழிந்தால் கெட்டது. சில இடங்களுக்குப் போடவே கூடாது. இதெல்லாம் காலையில் கொடுத்துச் சாயங்காலம் வாங்கும் வேலை இல்லை. சேர்த்து முடித்தபின் நாலைந்து நாள் படுக்கவைத்தும் நிறுத்தியும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

கடையில் போய் மெக்கானிக்கைப் பரீட்சை வைக்க வேண்டாம், அவருக்கும் ரோஷம் இருக்கும். இரண்டே கேள்வி கேளுங்கள். "முழுசாகப் பிரிப்பீர்களா, என்றைக்குத் தருவீர்கள்?" "எண்ணெய் என்ன போடுவீர்கள்?" ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்கிறவரிடம் கொடுங்கள், "உட்காருங்க சார், இப்பவே தர்றேன்" என்கிறவரிடம் ஸ்ட்ராப் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கேள்விக்கு, வாட்ச் எண்ணெய் பிராண்டான மோபியஸ் என்று பெயர் சொல்லி, இரண்டு மூன்று நம்பரையும் சொன்னார் என்றால் நிம்மதியாகக் கொடுக்கலாம். தேங்காய் எண்ணெய் விட்ட வாட்சை எல்லாம் நான் திறந்திருக்கிறேன், அதனால்தான் இந்தக் கேள்வி.

ஐப்பசிக்குள் என்று நான் அவசரப்படுத்துவது உதிரிபாகத்துக்காக. எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் வேலையை ஆரம்பித்தது, 2016-இல் அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. இனி கம்பெனியிலிருந்து புதுச் சாமான் வராது. பழைய கடைகளின் டப்பாவில் மிச்சமிருப்பதும், இறந்துபோன இன்னொரு ஜனதாவில் இருந்து எடுப்பதும்தான். நல்ல வேளை, ஜனதா, பைலட் என்று பல மாடல்களுக்கு ஒரே குடும்பத்து மிஷினைப் போட்டார்கள், அதனால் தேடினால் கிடைக்கும். ஆனால் தேட நாள் வேண்டும். மார்கழியில் கொண்டுபோய்க் கொடுத்து, மெயின் ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது என்று தெரியவந்தால் தைக்கு வாட்ச் கைக்கு வராது.

கொடுக்கும்போது ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் ரசீதில் எழுதி வாங்குங்கள்: டயலையும் முள்ளையும் மாற்றக் கூடாது, கேஸைப் பாலிஷ் போடக் கூடாது. பழைய ஜனதாவுக்கு இப்போது ஆன்லைனில் கிராக்கி. புதிதாகப் பெயின்ட் அடித்த டயலோடு, நாலு வாட்சின் சாமானைச் சேர்த்துச் செய்தவை நிறைய உலவுகின்றன. "டயல் மங்கிப்போச்சு சார், புதுசு போட்டுத் தரேன்" என்று மெக்கானிக் நல்ல எண்ணத்தில்தான் கேட்பார். கையெழுத்துப்போல் மங்கியிருப்பது அப்பாவின் டயல். கண்ணாடி மட்டும் ரொம்பக் கீறியிருந்தால் மெருகேற்றிக்கொள்ளலாம், அது பிளாஸ்டிக்தான், கீறல் போய்விடும். மாற்றிய சாமான் எதுவாக இருந்தாலும் பழையதைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். உண்மையிலேயே மாற்றினாரா என்றும் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள். மூடியைத் திறந்ததும் அதன் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் சர்வீஸ் செய்த தேதியை ஊசியால் அங்கே பொடி எழுத்தில் கீறி வைப்பார்கள். அப்பா எத்தனை முறை, எந்தெந்த வருடம் கொடுத்தார் என்று அதிலிருந்தே தெரிய வாய்ப்பிருக்கிறது. எனக்குச் சொல்லத் தெரியாத பதில் அங்கே இருக்கலாம்.

வாட்ச் திரும்பி வந்ததும் ஒரு வாரம் வீட்டில் கட்டிப் பாருங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்துக்கு, வாட்சைக் கையிலிருந்து கழற்றிவிட்டுச் சாவி கொடுங்கள். கட்டியபடியே கொடுத்தால் சாவிக் கம்பி ஒருபக்கமாக இழுபடும். ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் இருந்தால் அந்த வயதுக்கு அது நல்ல ஓட்டம். கல்யாணத்தன்று காலையில் சாவி கொடுத்து, மொபைலைப் பார்த்து நேரம் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். நாதஸ்வரக்காரர்களுக்குக் கெட்டிமேளம் சொல்லும் வேலையை மட்டும் ஐயரிடமே விட்டுவிடுங்கள்.